அக்கா வீட்டு மொட்டைமாடியில் காற்று மிஷின்

வேதியியல் படித்தால் லேபில் வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது. லேபுக்குள் முதலாளிக்கு ஏசி, வெளியே எனக்கு வெயில். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் மளமளவென்று வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு கம்பெனி தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டுமென்றால், சுற்றுப்பட்டு ஊர்களில் காற்று எப்படி இருக்கிறதென்று ஒரு பருவம் முழுக்க அளந்து அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அந்த அளக்கிற ஆள் நான்தான்.

மிஷின் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு தகரப்பெட்டி, தலையில் கூரை மாதிரி ஒரு மூடி. மூடிக்கு அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து ஸ்விட்சைப் போட்டால், மோட்டார் அந்தத் தாள் வழியாகக் காற்றை இழுக்கும். ஒரு நாள் ஓடவிட்டுத் தாளை எடை போட்டால், கூடியிருக்கிற எடைதான் தூசி. இதற்கு எனக்குத் தேவை ஒரு மொட்டைமாடியும் ஒரு பிளக் பாயிண்ட்டும். அதைக் கேட்டு சேரப்பணஞ்சேரிப் பக்கம் நான் ஏறி இறங்காத வீடு இல்லை. "நெலம் எடுக்க வந்துகீறியா?" என்றார்கள். இல்லையென்று சத்தியம் செய்தால், "செல்போன் டவரா? மாசம் இன்னா தருவீங்க?" என்றார்கள். காற்றை அளக்க என்று உண்மையைச் சொன்ன பிறகுதான் என்னைத் திருடன் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் ஒரு அக்கா சம்மதித்தார். அவருடைய வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அந்த அண்ணனுக்கு வீசிங். நான்கு வார்த்தை பேசினால் நடுவில் ஒரு விசில் வரும். ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தார். கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டால் மாதச் சம்பளம், பி.எஃப்., ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஓரிடத்தில், வேலைக்கு எடுக்குமுன் நடக்கும் மெடிக்கல் சோதனையில், மூச்சு பலம் பார்க்க ஒரு குழாயை ஊதச் சொல்லி, ஊத முடியாமல் திரும்பி வந்திருந்தார். இப்போது இன்னொரு கம்பெனி ஆள் எடுக்கப் போகிறது, கோடை முடிந்து மெடிக்கல். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். என்னை அளக்க அனுப்பிய அதே கம்பெனிதான்.

முதல் நாள் ஓடி முடித்ததும் மூடியைத் திறந்தேன். வெள்ளையாக வைத்த தாள் அடுப்படிச் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. நாலைந்து கொசுக்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யம்மாடி, ஒரே நாள்ல எவ்ளோ அழுக்கு இஸ்துக்கினு கீது" என்றார். அன்று சாயங்காலமே அண்ணனின் கட்டில் மாடி ஏறியது.

எனக்குப் பகீரென்றது. "அக்கா, இது காத்தைச் சுத்தம் பண்ணாது. தூசி எவ்வளவுன்னு அளக்க மட்டுந்தான் செய்யும்" என்றேன்.

"சுத்தம் பண்ணாதா? அப்ப இந்த அழுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"காத்துல இருந்து."

"இப்ப எங்க கீது?"

"பேப்பர்ல."

"அப்ப காத்துல இல்ல. அத்தத்தானே தம்பி நானும் சொல்றேன்."

மூன்று வருடம் காலேஜில் உட்கார்ந்து படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். மிஷின் இழுக்கிற காற்று துளி, ஊர்க்காற்று கடல் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "செரி, அளந்து இன்னா பண்ணுவ?" என்றார். கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுப்போம் என்றேன். அவர்கள்? அரசாங்கத்துக்குக் கொடுப்பார்கள். அரசாங்கம்? ஃபைலில் வைக்கும்.

"தோ பாரு, அதுக்கு நான் சொல்றதே பரவால்ல" என்றார்.

கொடுமை என்னவென்றால், அண்ணனுக்கு நிஜமாகவே மூச்சு தேவலையானது. விசில் குறைந்தது. மாடிப்படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குவது நின்றது. எனக்குத் தலை வெடித்தது. பிறகு ஒரு நாள் கீழே அவர் வழக்கமாகப் படுக்கும் அறையில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது பிடிபட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது, கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தட்டு நிறையக் கொசுவத்திச் சாம்பல். வருடக்கணக்காக இரவெல்லாம் அந்தப் புகையைத்தான் மனிதர் உள்ளே இழுத்திருக்கிறார். மாடியிலோ கொசுவையும் மிஷினே இழுத்துக்கொள்ளும் என்று வத்தி கொளுத்துவதில்லை. கண்டுபிடித்த பெருமையோடு அக்காவிடம் சொன்னேன்.

"கொசுவத்தி எங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கீது தம்பி. மிஷின்தான் புச்சா வந்துச்சு" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள்தான் மிஷின் ஓட வேண்டும். மற்ற நாட்களில் அக்காவே ஸ்விட்சைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் தேய்ந்துவிடும் என்று கத்தினேன். "கரண்ட் பில்லு நாங்கதானே கட்றோம்" என்றார். கரண்ட் போனால் ஓட்ட ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தேன். அது ஊரையே புகைமூட்டமாக்கிவிட்டு, சுத்தமான காற்றை அளக்க மிஷினுக்கு உதவி செய்தது.

கோடை முடிந்தது, ரிப்போர்ட் தயாரானது. அந்தக் காலத்தில் காற்றில் தூசி இவ்வளவு வரை இருக்கலாம் என்று குடியிருப்புக்கு ஒரு வரம்பு, தொழிற்பேட்டைக்கு ஒரு வரம்பு. தொழிற்பேட்டைக்குத் தாராளமாக விட்டிருப்பார்கள். வரைபடத்தில் அக்காவின் தெரு தொழிற்பேட்டைக்குள் விழுந்தது. குடியிருப்புக் கணக்கில் பார்த்தால் தாண்டியிருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். "சட்டம் என்ன சொல்லுதோ அதைப் போடு" என்றார். அவர் சொன்னது சரிதான். பொய்யே இல்லாமல், காற்று வரம்புக்குள் இருக்கிறது என்று அச்சடித்தோம்.

மிஷினை எடுக்கப் போனபோது அக்கா படியை மறித்துக்கொண்டு நின்றார். "இன்னும் மெடிக்கல் ஆவல தம்பி. அது வரைக்கும் வுட்டு வை. உன் முதலாளிகிட்ட நான் வேணா வந்து கேக்கறேன்" என்றார். முதலாளியிடம் நானே போனில் கெஞ்சினேன். படப்பையில் அடுத்த வேலை காத்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் மிஷின் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அண்ணன்தான் வந்து, "வுடும்மே, அவன் இன்னா பண்ணுவான்" என்று அக்காவை நகர்த்தினார். பெட்டியை இறக்க ஒரு கை பிடித்தவரும் அவர்தான். "அண்ணே, மாடியிலேயே படுங்க. வத்தி மட்டும் கொளுத்தாதீங்க, போதும்" என்று வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையாட்டினார்.

கொஞ்ச காலம் கழித்து, பக்கத்து ஊரில் லேப் சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனவன் அந்த வீட்டில் எட்டிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ வாசலிலேயே நின்றது. அண்ணன் கீழ் அறையில் உட்கார்ந்திருந்தார். விசில் வெளியே கேட்டது. மிஷின் போன அன்றே கட்டில் கீழே இறங்கிவிட்டதாம். மிஷின் இல்லாத மாடியில் எந்தத் தைரியத்தில் படுக்க வைப்பது என்றார் அக்கா.

மெடிக்கலில் மறுபடியும் குழாய், மறுபடியும் ஊத முடியவில்லை. கம்பெனி டாக்டர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், "அந்தப் பக்கம் காத்து ரொம்ப மோசம். நுரையீரல் அடி வாங்கியிருக்கு. வேற ஊருக்குக் குடி போயி, சரியானப்புறம் வா" என்று அனுப்பிவிட்டாராம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதே கம்பெனியின் அலமாரியில், அதே தெருவின் காற்று நன்றாக இருக்கிறதென்று என் ரிப்போர்ட் உட்கார்ந்திருக்கிறது. "ரிப்போர்ட்ல நல்லா இருக்குன்னுதான் போட்டோம்க்கா. அந்த டாக்டர் எப்படி அப்படிச் சொல்லலாம்?" என்றேன்.

அக்காவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "நீ அளக்கசொல்ல மிஷின் இருந்துச்சு, காத்து நல்லா இருந்துச்சு. நீ எடுத்துக்கினு பூட்ட, கெட்டுப்போச்சு. அவரும் கரெக்டாத்தான் சொல்லிகீறாரு, நீயும் கரெக்டாத்தான் போட்டுகீற" என்றார்.

உங்கள் வீடு அந்தக் காகிதத்தில் வீடே இல்லை, தொழிற்பேட்டை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மறுக்கா எப்ப தம்பி கொண்டாருவ?" என்றார் அக்கா.

பொய் சொல்ல மனசில்லை. "கம்பெனி மறுபடியும் பெருசாகணும்க்கா. அப்பத்தான் அளக்கச் சொல்லுவாங்க" என்றேன்.

அக்கா புருஷனின் முதுகைத் தடவிக்கொண்டே, "சீக்கிரம் பெருசாவட்டும்பா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.