மனசில் இருந்த ஐந்து கட்டை

யார் என்னைப் பாராட்டினாலும் இதில் என்ன உள்குத்து என்றுதான் முதலில் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இசைப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, "பாட்டு, தியரி, ரெக்கார்டிங், கடைசியில வேலை" என்று அடுக்கிய துறைத்தலைவரிடம், "போன வருஷம் யாருக்கு சார் வேலை கிடைச்சுது?" என்று கேட்டேன். அவர் தண்ணீர் குடித்தார்.

நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் என் காது. சுருதிப்பெட்டி எதுவும் இல்லாமல் 'ஐந்து கட்டை சுருதியில் ஸா பாடு' என்றால் அப்படியே பாடுவேன். ஆர்மோனியத்தில் தட்டிப் பார்த்தால் மயிரிழைகூட விலகியிருக்காது. அந்த ஒன்று கிடைத்துவிட்டால் மற்ற சுருதிகளை அங்கிருந்து பிடித்துவிடலாம். வகுப்பில் அதனால் எனக்கு ஒரு கெத்து இருந்தது.

கல்லூரி மதிலுக்குப் பின்னால் ஓர் உதிரிபாகக் கம்பெனி. அதற்கு அடுத்த தெருவில் வாடகை அறை. என்னோடு தங்கியிருந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண், அந்தக் கம்பெனியில் லைனில் வேலை. அங்கே காற்று ஊதும் பெரிய புளோயர் ஒன்று திங்கள் முதல் சனி வரை மூன்று ஷிப்டும் ஓயாமல் ஓடும்; வகுப்பிலும் கேட்கும், அறையிலும் கேட்கும். முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் அது இருப்பதே மறந்துவிட்டது.

கடைசி வருஷம் ஒரு சென்னை ஸ்டுடியோ, பாடகர்களின் குரல் பதிவில் சுருதி விலகலைத் திருத்தும் வேலைக்கு எங்களில் ஒருவரை எடுப்பதாகச் சொன்னது. ஊரில், வாலாஜாபாத்தில், அப்பா "பாட்டு படிச்சு இன்னா கிழிக்கப் போற?" என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல எனக்கு அந்த ஓர் இடம்தான் பதில்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அறைத்தோழி சொன்னாள்: "ஏட்டி, நீ பாடுத ஸா எங்க புளோயர் சத்தம்லா? ஞாயித்துக்கெழம அது நிக்கும்போது ஒரு தடவ பாடிப் பாரு."

"இன்னா, மெஷினைக் கேட்டுக்கினு பாடறேன்னு சொல்றியா?"

"கோவப்படாத. தோணிச்சு, சொன்னேன்."

வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். அவளும் நன்றாகப் பாடுவாள். படிக்க வைக்க ஆளில்லாமல் வேலைக்கு வந்தவள். தேர்வு நேரத்தில் என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல ஊருக்கே போனேன். அங்கே அப்பா எதிரில் நான் பாடுவதே இல்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை. ஸ்டுடியோவில் கனத்த கதவை இழுத்துச் சாத்தினார்கள். அப்படி ஒரு நிசப்தத்தில் நான் நின்றதே இல்லை. "அஞ்சு கட்டை ஸா கொடும்மா" என்றார் சவுண்ட் இன்ஜினியர். பாடினேன். அவர் கீபோர்டில் தட்டினார். முக்கால் கட்டை கீழே இருந்தேன். மறுபடி பாடினேன். இந்த முறை மேலே.

"சார், உங்க கீபோர்டுல டிரான்ஸ்போஸ் போட்டு சுருதியை மாத்தி வெச்சிருக்கா?" என்று கேட்டேன். அவர் போனில் சுருதி காட்டும் டியூனர் ஆப்பைத் திறந்து, கீபோர்டைத் தட்டி, என்னிடம் காட்டினார். அதில் பிழை இல்லை. "வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்றார் தணிவாக. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் யாருக்கோ கொடுப்பதாக முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போகவில்லை. புளோயர் நின்றிருந்தது. என் போனிலும் அந்த டியூனரை இறக்கி, எதிரில் வைத்துப் பத்து தடவை ஸா பாடினேன். பத்தும் பத்து இடத்தில் விழுந்தன. வாய்விட்டு அழுதேன். அறைத்தோழி டீ போட்டுப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் ஏதாவது கேலி இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. வெட்கமாக இருந்தது.

திங்கள் காலை அவள் முதல் ஷிப்டுக்கு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது புளோயர் ஓட ஆரம்பித்தது. பாட வேண்டும் என்று நான் நினைக்கக்கூட இல்லை. குரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது. டியூனர் அச்சாக ஐந்து கட்டை காட்டியது.

அவள் வாசலில் நின்றாள்.

"நீ சொன்னது நிஜந்தான்" என்றேன்.

"மூணு வருசமா நீயும் எங்ககூட ஷிப்டு பாத்திருக்க, போ" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது.