அக்காவின் கணக்கும் என் இரட்டைப் பின்னலும்

குளிரில் கட்டியாக உறைந்த தேங்காய் எண்ணெய், போத்தலோடு அடுப்போரம் வைத்ததும் மெல்ல இளகி வாசம் விடுமே, அந்த வாசம் எங்கே வந்தாலும் என் உச்சந்தலை இன்றும் ஒரு கணம் வலிக்கிறது. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் 'லயம்' இருந்தது. ஆளைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் 'பெரட்டு'க்கு நேரம் பிந்தக்கூடாது என்று அம்மா விடியும்போதே கொழுந்துக் கூடையோடு இறங்கிவிடுவார். "அவ தலைய நீ பார்த்துக்க" என்று போகிற போக்கில் அவர் சொல்லிவிட்டுப் போக, ஒன்பது வயதான என் தலை அக்காவின் கையில் சிக்கியது.

அக்கா அப்போது தினமும் ரயிலில் போய்ப் பதுளையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், அதுவும் கணிதம். எங்கள் தோட்டத்துப் பெண் எவளும் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையான 'ஸ்டோரில்' வேலை செய்த அப்பா, "இந்த ஒரு தடவதான். யுனிவர்சிட்டி கெடைக்கலன்னா தோட்டத்துல பேரப் பதிஞ்சிட்டு அம்மாவோட மலைக்குப் போ" என்று சொல்லியிருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை, அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள் என் மயிரைப் படித்தாள் என்பதுதான் என் குறை. இடது, நடு, வலது என்று மூன்று கற்றை பிரிப்பாள். எப்போதும் இடப்பக்கத்துக் கற்றைதான் மேலே போக வேண்டும் என்பது அவள் விதி. இடது நடுவைத் தாண்டினால் அதற்கு 'இ', நடு வலதைத் தாண்டினால் 'வ'. எந்தெந்த வரிசை ஒரே பின்னலாக முடிகிறது என்று இந்த எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள், பிடிக்காவிட்டால் அவிழ்ப்பாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். புகை படிந்து கறுத்த அடுப்படிச் சுவர் முழுக்க, பள்ளிக்கூடத்திலிருந்து பொறுக்கி வந்த சோக்குத் துண்டால் வரிசை வரிசையாக 'இ'யும் 'வ'வும் எழுதி வைத்திருந்தாள். கடைசியில் எனக்குக் கிடைத்ததோ முறுக்கிய தாம்புக்கயிறு மாதிரி ஒன்று. "இது பின்னலா, மாடு கட்டுற கயிறா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. 'கயிறு' என்றே எனக்குப் பெயராகிவிட்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அக்கா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வாளியில் மிச்சம் கிடந்தது. எனக்கு இருந்த ஆத்திரத்தில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை எடுத்து, எட்டிய மட்டும் அடித்தேன், எட்டாததற்குப் பலகைக்கட்டையில் ஏறி அடித்தேன். சுவர் பளிச்சென்று வெளுத்துப் போனது. மனது நிறைந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னேரம் ரயிலில் வந்து இறங்கிய அக்கா சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "யாரு?" என்றாள். "அப்பாதான்" என்று சொல்லிவிட்டேன். வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஆமா, மிச்சம் இருந்திச்சி, அடிச்சிட்டேன்" என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, "வா, ஒக்காரு" என்று கூப்பிட்டாள். வழக்கத்தைவிட வெகுநேரம் சீவினாள். இடையில் எழுந்து போய், ஸ்டோருக்குப் புறப்பட்ட அப்பாவுக்குத் தன் கையாலேயே 'தேத்தண்ணி' கொடுத்துவிட்டு வந்தாள். அவள் கோபம் எங்கே போனது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியாக எழுதிய வரிசை 'இ'யில் தொடங்கியதா 'வ'வில் தொடங்கியதா என்று அவளுக்கு நினைவில்லை, பார்க்கச் சுவரும் இல்லை. அதனால் வலப்பக்கத்தை 'இவஇ' என்றும், இடப்பக்கத்தை 'வஇவ' என்றும் பின்னினாள். பின்னி, இரண்டையும் லேசாக இழுத்துவிட்டவள் சட்டென்று நின்றாள்.

"ஏய் புள்ள, ஆடாத! ரெண்டும் ஒன்னு! எதுல தொடங்கினாலும் ஒன்னுதான்!"

என்னைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினாள். சோக்கால் வெள்ளைச் சுவரில் எழுத முடியாதே, அடுப்புக்கரியை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினாள். பதுளை ரயில் கூவிக்கொண்டு போயே போய்விட்டது.

அந்த ஒரு தடவையிலேயே அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. முதல் விடுமுறைக்கு வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "நாம கண்டுபிடிச்சது நாம பொறக்க முன்னாடியே புஸ்தகத்துல இருக்கு புள்ள" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவுங்க யாரு தலையில பின்னிப் பார்த்தாங்களாம்?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாம கண்டது சரிதான்" என்றாள். அந்தச் 'சரிதான்' அவளை வெகுதூரம் கொண்டுபோனது. பின்னல்களின் அட்சரகணிதத்தில் அதுவரை யாரும் எழுதாதவற்றை எழுதினாள். எங்கள் மலையிலிருந்து போய் அந்தத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவள். கடல் தாண்டிப் போய்ப் பாடம் சொன்னாள்.

இப்போது அந்த லயம் இல்லை, இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஓய்வு பெற்ற அக்கா போன மாதம் பதுளையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பிடித்து உட்காரவைத்து, நரைத்து ஒரு பிடியாகிவிட்ட என் முடியை விடாப்பிடியாக இரண்டாகப் பிரித்தாள். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை அவள் முகம் தெரியாத அந்த வசதியில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அக்கா, அன்னைக்கு அந்தச் செவத்துக்கு அடிச்சது அப்பா இல்ல. நான்."

சீப்பு நிற்கவே இல்லை.

"தெரியும் புள்ள. மறுநாள் காலையில ஒன் தலையெல்லாம் சுண்ணாம்பு. அதச் சீவி எடுக்கவே எனக்கு அவ்வளவு நேரம் போச்சி."