திருப்பிக் கொடுத்த கம்பு

பிள்ளைகளா, போன வாரம் கம்பு வகுப்பில் சின்னவளைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அண்ணன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கியதும், அவள் அதை மரியாதையாக அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "கீழ போடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லதைத்தானே செய்தாள், அப்பா எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று அன்று முழுவதும் நீங்கள் இருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொரோனா அடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நம் தாமுவே பேட்டையில் இப்போது வகுப்பு நடக்கும் அதே முற்றம்தான். கப்பலில் என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் அவர்கள் நாட்டுக் கம்பு வித்தையை நான் கற்றது உங்களுக்குத் தெரியும். கப்பல் வேலையை விட்டுவந்த பிறகு, ஞாயிறு காலைகளில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கரண்ட் இல்லாத தெருக்களில் வழிப்பறி பெருகியிருந்த நேரம். அதனால் பெண்களும் நிறைய வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த பெண். அப்பா தமிழர், அம்மா பர்மியர். பாதி தமிழிலும் பாதி பர்மியிலும் வாய் ஓயாமல் பேசுவாள். ஒருமுறை பஸ்ஸில் அவள் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி அப்படி நடக்க விடமாட்டேன் என்றுதான் வந்து சேர்ந்தாள்.

கம்பைப் பிடுங்கும் பயிற்சி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் கையில் கம்பு, மற்றவர் வெறுங்கை. அடி வரும்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து, வலது கையால் கம்பை முறுக்கி உருவ வேண்டும். அப்போதெல்லாம் உருவியதும் நான் "சரி" என்பேன். உடனே கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதுவும் நம் ஊர் வழக்கப்படி, வலது கையால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கொடுப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும். அடிதடி படித்தாலும் பிள்ளைகளிடம் பணிவு போகவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, அவளும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது.

"சயா, இன்னிக்கு நான் கம்ப புடுங்கினேனா, நீங்களா விட்டுக் குடுத்தீங்களா?"

பர்மா வழக்கப்படி, வாத்தியாரான என்னை அவளும் சயா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ புடுங்கினதுதாம்மா."

"மூஞ்சியப் பாருங்க! பொய் சொன்னா உங்க மீசையே சிரிக்குது சயா."

செருப்பில் அப்பிய சேற்றைத் தட்ட நான் நின்றேன். அவள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டாள். சந்து முனையில், மூடிக்கிடந்த கடையின் மறைவிலிருந்து ஒருவன் வந்தான். கையில் கனமான மரக்கம்பு. "பையக் குடுடி" என்று பர்மியில் அதட்டினான். அவள் பையைக் கழற்றவில்லை. அவன் கம்பை ஓங்கினான்.

பிள்ளைகளா, அவள் அன்று செய்ததைப் போல அழகாக அதை நான்கூடச் செய்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், முறுக்கினாள், உருவினாள். கம்பு அவள் கையில். அவன் வெறுங்கையோடு விழித்துக்கொண்டு நின்றான். என் வாயில் "சரி" என்ற சொல் வந்து நின்றது. அதை நான் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவள் இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டது. கம்பை அவனிடம் நீட்டினாள்.

அவனுமே ஒரு கணம் திகைத்தான். நம் ஊரில் அப்படி நீட்டினால் வாங்காத கை கிடையாது. வாங்கினான். வாங்கிய கையோடு அடித்தான்.

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் முதல் அடி நீட்டிய கையிலேயே விழுந்துவிட்டது. அடுத்தது காதின் மேல். பையை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். நான் அவளை மடியில் தாங்கி, சைக்கா ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் லுங்கியெல்லாம் ரத்தம். வழியில் அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சயா, நான் சரியாத்தான செஞ்சேன்?"

"சரியாத்தாம்மா செஞ்ச."

"பின்ன ஏன் அவன்கிட்டயே குடுத்தேன்?"

நான் சைக்காக்காரரைச் சீக்கிரம் மிதிக்கச் சொன்னேன்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் மணிக்கட்டு எலும்பு கோணலாகத்தான் கூடியது. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல்கள் மூடவில்லை. கடையைக் காலி செய்துவிட்டு, மாவ்பியில் அக்கா வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். மழை முடிந்த பிறகு பார்க்கப் போனேன். எனக்கு டீ போட்டு, இடது கையால் நீட்டினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சயா. இந்தக் கைதான் இப்ப நீளுது."

மீசையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நான் அந்த டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிடுங்குவதை அவள் எத்தனை தரம் பழகினாளோ, அத்தனை தரமும் திருப்பிக் கொடுப்பதையும் பழகியிருந்தாள். எது பாடம், எது மரியாதை என்று கைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் இப்போது பிடுங்கிய கம்பைத் தூர எறிந்துவிட்டுப் பின்னால் விலகச் சொல்கிறேன். எறிந்த கம்பை அவரவரே போய் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில், கோயிலில், பெரியவர்களிடம் நீங்கள் முழங்கையைத் தொட்டே கொடுங்கள். அந்த முற்றத்தில் மட்டும் வேண்டாம்.

மாவ்பியிலிருந்து திரும்பிய அன்று நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. முற்றத்துக்குப் போனேன். யாரும் இல்லை. வாசல் கேட்டின் கம்பியில் ஒரு கம்பைக் கயிற்றால் தொங்கவிட்டு, முறுக்கி உருவினேன். என் இடது கை முழங்கைக்குப் போய்விட்டது. மறுபடி கட்டினேன், உருவினேன். மறுபடியும் போனது. இருட்டத் தொடங்கியபோதுதான் ஒருவழியாகக் கை அசையாமல் நின்றது. கம்பை மதிலுக்கு அப்பால் வீசி எறிந்தேன். அதை எடுத்துவர நான் போகவில்லை.