செவ்வாய், வியாழன், சனி

பஸ் டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம்கீப்பர் அக்கா என்றால்தான் தெரியும். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எப்போது ஓய்வு என்று இருபத்தாறு வருடமாக அட்டவணை போட்டவள். இரண்டு நிமிடம் பிந்தி வந்த டிரைவர்கூட அவள் ஜன்னலைத் தாண்டும்போது ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி, நாலு மணி நேரம். ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும். இரண்டு முறை தவறினால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்குக்கூட ஆகாது.

நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒரு டிவி, சத்தம் வராது. ஒரு சனிக்கிழமை அதில் பிரேசில் நாட்டு ரியோ கார்னிவல் ஓடியது. இறகும் ஜிகினாவுமாக ஆயிரக்கணக்கான பேர், வீடு உயரத்துக்கு அலங்கார வண்டிகள். பக்கத்து நாற்காலிக்காரர் சேனலை மாற்றச் சொன்னார். “இருங்க, முடியட்டும்” என்றாள் அக்கா. மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவளோ, இத்தனை பேரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு யார் நேரத்துக்கு நகர்த்துகிறார்கள் என்று பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தபோது, ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு, பிந்தினால் மதிப்பெண் போய்விடும் என்று தெரிந்தது. அதைப் படித்த கையோடு, போய்ப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

ஆசை ரியோவோடு நிற்கவில்லை. வெனிஸில் முகமூடிக் கார்னிவல். ஜெர்மனியின் கொலோனில் கார்னிவல் வியாழக்கிழமை பெண்கள் கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி ஆண்களின் டையை வெட்டுவார்களாம். “நம்ம மேனேஜர் டை கட்டிக்கிட்டு அங்க வந்தா நல்லா இருக்கும்” என்றாள் டிப்போவில். சிக்கல் என்னவென்றால், ஊர் ஊராக நடக்கும் இந்தக் கொண்டாட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. அவளுக்கோ அதே வாரத்தில் மூன்று டயாலிசிஸ்.

ஆறு மாதம் மண்டையை உடைத்து அட்டவணை போட்டாள். ஞாயிறு வெனிஸ், செவ்வாய் அங்கேயே ஊசி. புதன் கொலோன், வியாழன் பகலில் தெரு, சாயங்காலம் ஊசி. வெள்ளி விமானம். சனி ரியோவில் ஊசி, ஞாயிறும் திங்களும் ஊர்வலம், செவ்வாய் ஊசி. அன்று மாலையே கிளம்பினால் வியாழன் காலை தன் நாற்காலி. ஒவ்வொரு ஊரிலும் வெளியூர் நோயாளிக்கு இடம் கொடுக்கும் டயாலிசிஸ் நிலையங்களைத் தேடிப் பிடித்து, அரைகுறை இங்கிலீஷில் ஈமெயிலில் கடிதம் போட்டாள். மூன்று ஊரிலிருந்தும் சம்மதம் வந்தது.

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக். அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது அக்காதான். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறாள். “ஒரு ஊசி தப்பினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?” என்று ஒரு வாரம் கத்தினான். துணைக்கு யார் போவது என்ற பேச்சு வந்தபோது, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, “நான் போறேன்” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தம்பி வாயைத் திறக்கவில்லை. ஓய்ந்துவிட்டான் என்று இரண்டு பெண்களும் நினைத்தார்கள்.

கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெனிஸும் கொலோனும் நேரத்தை உறுதி செய்துவிட்டன. ரியோ மட்டும் ஊமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஊசி குத்தி முடித்ததும் அக்கா நர்ஸைக் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், நீங்க நல்லா இங்கிலீஷ் பேசுவீங்க. ரியோவுல இப்ப ராத்திரிதான், ஆனா நைட் ஷிஃப்ட்ல ஆள் இருப்பாங்க. இந்த நம்பர்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.”

நர்ஸ் பேசினாள். கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, “நீங்களே வேண்டாம்னு எழுதிட்டீங்களாமேக்கா. மூணு வாரம் ஆச்சாம். இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க” என்றாள்.

அக்காவின் கையில் ஊசி. எழுந்திருக்க முடியாது. இயந்திரத்தில் ரத்த அழுத்தம் ஏறி மணி அடித்தது. நர்ஸ் தோளைப் பிடித்து, “மூச்ச மெதுவா விடுங்க” என்றாள். மிச்சம் மூன்று மணி நேரமும் அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஈமெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது யார், அதன் பாஸ்வேர்டு இன்னும் யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பி வேலை முடிந்து வந்து கருவிப் பையை இறக்கக்கூட இல்லை.

“நீதான் எழுதினியா?”

அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ஆமா.”

“எம் பேர்லயா?”

“ஆமாக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி நீ மூச்சு முட்டி விழுந்தப்போ மூணு மாடி உன்ன தூக்கிட்டு இறங்கினது நான். ஊரு லிஃப்ட்ட எல்லாம் ரிப்பேர் பண்றவன் வீட்ல லிஃப்ட் இல்ல. ஒவ்வொரு படியிலயும் உனக்கு மூச்சு இருக்கான்னு கேட்டுக்கிட்டே இறங்கினேன். அங்க யாரு தூக்குவா?”

“தூக்கினே. இல்லேங்கல. அதுக்காக என்னைக் கீழ இறக்கியே விட மாட்டேன்னா எப்படிடா?”

மனைவி அவன் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கி, அதில் அக்காவின் ஈமெயிலைத் திறந்து அவளிடம் கொடுத்தாள். “பாஸ்வேர்ட மாத்துங்கக்கா. இப்பவே.” அன்றிரவு அவன் சாப்பிடாமல் படுத்தான், யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த மூன்று நாளில் ரியோவில் இன்னும் ஐந்து நிலையங்களுக்கு எழுதினாள். கார்னிவல் வாரத்தில் இடமா என்று ஒன்று கேட்டது, மூன்று கைவிரித்தன, ஒன்று பதிலே போடவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா ஸ்கேலை வைத்து, அட்டவணையின் கடைசி நாலு வரியைக் கோடு போட்டு அடித்தாள். வெள்ளிக்கிழமை கொலோனிலிருந்து நேரே வீடு, சனி தன் நாற்காலி என்று கீழே எழுதினாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வெகு நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய இரண்டு ஊருக்கும் டாக்டர் கையெழுத்து வேண்டும். “போன தடவை பொட்டாசியம் அஞ்சு புள்ளி ஒன்பது. அஞ்சரைக்குக் கீழ வந்தாத்தான் கையெழுத்து. வரலேன்னா என்கிட்ட அழுதும் பிரயோஜனமில்ல” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் முழுக்க, பொட்டாசியம் ஏறிவிடும் என்று பழம் பக்கமே போகவில்லை. காய்களை ஊறவைத்து, வேகவைத்து, வடித்த சக்கையைத்தான் தின்றாள். வியாழன் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளி பதினொரு மணிக்கு முடிவு. ஞாயிறு விமானம்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால். ஆய்வகத்தில் இயந்திரம் மக்கர் பண்ணுகிறது என்றார்கள். தம்பி மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வராந்தாவின் கடைசியில், வேலை உடுப்போடு தம்பி வந்து நின்றான். அக்கா அவனைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு ஐந்துக்கு டாக்டர் தாளோடு வெளியே வந்தார்.

“அஞ்சு புள்ளி ரெண்டு” என்று சொல்லி, நின்றபடியே சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தம்பி தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

போனார்கள். வெனிஸில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஒரு பாலத்தில் முகமூடிக்காரர்கள் நடுவே இருவரும் அரைமணி நேரம் நகர முடியாமல் நின்றார்கள். செவ்வாய் ஊசியின்போது அக்காவுக்கு அழுத்தம் சடாரென்று இறங்கிக் கண் இருட்டியது. மொழி தெரியாத நர்ஸ் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்; கால் மணியில் சரியாயிற்று. இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு பெண்களும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

வியாழன் பகல் கொலோனில் தம்பி மனைவி கடையில் ஒரு கத்தரிக்கோல் வாங்கினாள். டை கட்டிய ஒரு பெரியவர் தானாகவே முன்னால் வந்து கழுத்தை நீட்டினார். அவள் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். “வெட்டுடி, பாவம் காத்துக்கிட்டு நிக்கிறாரு” என்றாள் அக்கா. வெட்டினாள். சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அக்கா சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார வேண்டியதாயிற்று.

சாயங்காலம் ஊசி ஏறியிருந்தபோது தம்பி போன் செய்தான்.

“எப்படி இருக்கே?”

“மெஷின் ஓடுது. அப்புறம் பேசுறேன்.”

வைத்துவிட்டாள். சனிக்கிழமை சரியான நேரத்துக்குத் தன் நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். தம்பியோடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது: முதலில் கேஸ் சிலிண்டர் பற்றி, பிறகு மழை பற்றி. அந்தக் கடிதத்தைப் பற்றி அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவள் மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. புதிய பாஸ்வேர்டு, அக்காவைத் தவிர, தம்பி மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.