கல்வெட்டில் விட்ட வெற்றிடம்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்தேன். முதலாளி யூதர், என் வயதுக்காரர். அவருடைய ஆலயத்துக்கு வாராவாரம் ஒரு வேத விளக்கத் தாள் அடிப்போம். ஸ்காபரோத் தமிழர்களுக்குக் கல்வெட்டு அடிப்போம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் புலம்பல் பாட்டுமாக, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. உயிரோடு இருந்தபோது ஒரு தேத்தண்ணி வாங்கித் தராதவர்களைக்கூட அதில் கொடைவள்ளல் ஆக்கியிருக்கிறேன்.

அந்த மாரிக் குளிரில் என் அண்ணையின் கல்வெட்டையே அடிக்க வேண்டி வந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். தன் வகுப்புப் பிள்ளை ஒருவனை இயக்கப் பொடியள் சண்டைக்குக் கொண்டுபோனபோது, அவர்களுடைய பொறுப்பாளரிடம் நேரே போய், அவனைத் திருப்பி விடுங்கள் என்று கேட்டார். நாலாம் நாள் அவரைச் சந்தியில் சுட்டுப் போட்டார்கள். ஆமி அல்ல, எங்களுடைய ஆட்கள்தான்.

நடந்ததை எழுதப் போகிறேன் என்று, என்னோடு இருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"எழுதாதை. தங்கச்சியும் பிள்ளையளும் இன்னும் அங்கைதான் இருக்கினம். ஒண்டைப் பறிகுடுத்தது காணும்."

அந்த வாரத் தாளில் என்ன கதை என்று முதலாளியிடம் சும்மாதான் கேட்டேன். ஓர் அரசன் தன் போர்வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு, வீரனைச் சாகக் கொடுத்தானாம். தீர்க்கதரிசி ஒருவர் அரண்மனைக்குப் போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னாராம். யார் அந்தப் பாவி என்று அரசன் கொதிக்க, நீதான் என்றாராம். அரசன் தலைகுனிந்தானாம்.

"சொன்னவருக்கு என்ன நடந்தது?"

"ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனார்."

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. அவர் பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்களுக்கு அதில் முதல் பாதிதான் கிடைத்தது. அண்ணைக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன்.

அடித்து வைத்த தாள் ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு, அரசனாகிறவன் வேதத்தைத் தனக்கென ஒரு பிரதி எழுதி, தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை நினைக்காதபடி நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்பது தங்கள் சட்டம் என்றார். அப்படி ஓர் அரசன் இருந்தானா என்று கேட்டேன். "இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் அரசர்களும் தீர்க்கதரிசிகளைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் கொன்றதையும் எழுதி வைத்திருக்கிறோம்."

அன்றே அண்ணையின் கல்வெட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'தன் மாணவனுக்காக நியாயம் கேட்டதால் எம்மவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.' அச்சுத் தகட்டுக்கான பிலிமும் எடுத்தாயிற்று. வெளிச்ச மேசையில் வைத்து அதைப் பார்த்தபோது தங்கச்சியின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பிலிமில் விழும் ஊசித்துளைகளை மறைக்க ஒரு சிவப்பு மை இருக்கும்; அது பட்ட இடம் அச்சில் விழாது. தூரிகையால் அதைத் தொட்டு, அந்த வரியை எழுத்து எழுத்தாக மூடினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஒரு வரி அளவு வெற்றிடத்தோடுதான் கல்வெட்டு வந்தது. அந்தியேட்டிச் சாப்பாட்டில் உறவினர் ஒருவர் அதைக் காட்டி, "என்ன தம்பி, உம்மடை வேலையிலையே பிழையோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்வெட்டை முதலிலிருந்து வாசித்தார். வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இதிலை என்ன இருந்தது?"

சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு."

வாயைத் திறந்தேன். அம்மா அவசரமாக எழுந்துபோய் அப்பார்ட்மென்ட் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"மெல்லச் சொல்லு. பக்கத்து வீட்டிலை எங்கடை ஆக்கள் இருக்கினம்."