டெல்மரின் மேசையில் இரண்டு டப்பா

என் தங்கை ரொவீனாவின் புருஷன் டெல்மரைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். நல்லவன், அதில் சந்தேகமே இல்லை. குடிப்பதில்லை, யார்மேலும் கை நீட்டுவதில்லை. முப்பது குளிர்காலம் எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். ஒருமுறை பனிப்புயலில் சிக்கிய பள்ளிப் பேருந்துக்கு முன்னால் பதினோரு மைல் பனி தள்ளிக்கொண்டே போய் அதை ஊர் சேர்த்தவன். ஆனால் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்க மாட்டான். வைத்ததன் மேல் பெயர் எழுத மாட்டான். கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டி, "எல்லாம் இங்க இருக்கு மச்சான்" என்பான்.

நானோ முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவன். ஒரு கடிதம் பக்கத்துத் தட்டில் விழுந்துவிட்டால் எத்தனை வீட்டில் எத்தனை சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். மேலே பெயர் எழுதாத எதையும் நான் நம்புவதில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரைக் கடவுள் ஒரே குடும்பத்தில் போட்டு வேடிக்கை பார்க்கிறார்.

டெல்மர் கார் கொட்டகையில் தோட்டா செய்பவன். எங்கள் மொன்டானா மாநிலத்தில் இது ஊறுகாய் போடுவது மாதிரி, பாதி வீடுகளில் நடக்கிற காரியம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் தட்டினால் பொறி பறக்கும் புதுக் கேப்பு அடித்து, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தினால் தோட்டா தயார். மற்றவர்கள் கொட்டகையில் மருந்து டப்பா வந்தபடியே ஒரு அலமாரியில் இருக்கும், கேப்பு வந்த அட்டைப் பெட்டியிலேயே இன்னொரு அலமாரியில் இருக்கும். டெல்மர் கேப்புகளை ஊறுகாய் ஜாடியில் மொத்தமாகக் கொட்டி வைத்திருந்தான். ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்குமே என்றால், "அது ஏன் மச்சான் வெடிக்கப் போகுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

குண்டுகள் பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு ரொவீனா அவசரத்தில் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு தேவாலய விருந்துக்குப் போய்விட்டாள். போதகரின் மனைவி எல்லோர் முன்னாலும் திறந்தாள், உள்ளே இருநூறு குண்டு. ரொவீனா வெட்கத்தில் இரண்டு வாரம் ஆராதனைக்குப் போகவில்லை. அதற்கும் டெல்மர் அசரவில்லை. "நீ தப்பான டப்பாவை எடுத்தா நானா பொறுப்பு?" என்றான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். போன அக்டோபரில் அப்படித் தள்ள முடியாமல் போனது.

மேல் மலையில் பெரிய எல்க் மான் சுட அனுமதி, குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் கிடைக்கும். ரொவீனா பதினோரு வருஷமாக எழுதிப் போட்டு, அறுபத்து மூன்றாம் வயதில் அவளுக்கு விழுந்தது. எங்கள் அப்பாவின் பழைய துப்பாக்கியோடு சனிக்கிழமை மலையேறப் போகிறாள். அந்த அளவுத் தோட்டாவைக் கடைகள் விற்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. டெல்மர் செய்து கொடுத்தால்தான் உண்டு. ஐம்பது செய்து கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை ரொவீனா போன் செய்தாள். "அண்ணே, நான் டவுனுக்குப் போறேன். அந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்க முடியல. வந்து கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டுப் போ. நான் சொன்னா அது சண்டையாகுது."

பெயர்ச் சீட்டு, தடித்த பேனா, பழைய தபால் தட்டுகள் நாலு எடுத்துக்கொண்டு போனேன். டெல்மர் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாருய்யா தபால்காரரு! எனக்கு ஏதாச்சும் கடுதாசி இருக்கா?"

"இருக்கு. பிரிச்சா அழுதுருவ. நகரு மாப்ளே."

மேசையைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. மருந்து டப்பா இரண்டு அருகருகே, இரண்டும் மூடி திறந்து கிடந்தன. ஒன்று பெரிய துப்பாக்கிக்கான மருந்து, நிதானமாக எரிவது, பார்க்கக் குச்சி குச்சியாக இருக்கும். மற்றது கைத்துப்பாக்கி மருந்து, சடாரென்று எரிவது, தவிடு மாதிரி இருக்கும். இந்தத் தவிட்டைப் பெரிய துப்பாக்கித் தோட்டாவில் போட்டுச் சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். அதனால்தான் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று தோட்டா செய்கிற எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். டெல்மர் காதில் அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

மருந்து அளக்கும் கருவியின் குடுவையைப் பார்த்தேன். அதில் பாதிக்குத் தவிடு.

"ரொவீனா தோட்டாவை இந்தக் கருவியிலதானே அளந்த?"

"ஆமா."

"அப்ப இதுல ஏன் கைத்துப்பாக்கி மருந்து இருக்கு?"

"அதை முடிச்சப்புறம் இதை ஊத்தினேன். கைத்துப்பாக்கிக்குக் கொஞ்சம் போடலாம்னு."

"போட்டியா?"

"இன்னும் இல்ல."

"முடிச்சப்புறம்தான் ஊத்தினியா, நடுவுல தீந்து போயி ஊத்தினியா?"

காப்பியைக் கீழே வைத்தான். "மச்சான், நான் இருபத்தாறு வருஷமா இதைப் பண்றேன்."

"அதைக் கேக்கல. நடுவுல எழுந்து போனியா?"

"பக்கத்து வீட்டு மாடு ரோட்டுக்கு வந்துருச்சு, ஓட்டி விட்டுட்டு வந்தேன். வந்து மிச்சத்தை முடிச்சேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

கத்தினேன். அவனும் கத்தினான். எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். கூட்டுக்குக் கூடு எடை மாறும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவனே போன வருஷம் எனக்குப் பாடம் எடுத்ததை எடுத்துச் சொன்னேன். ஐம்பதையும் பிரி, இல்லையென்றால் ரொவீனாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன்.

அவன் முகம் சிவந்தது. "பிரிக்கிறேன். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா நீ உன் சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். செத்தாலும் இந்தக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

பெட்டியைத் திறந்தான். வரிசைக்கு ஐந்தாகப் பத்து வரிசை. கடைசி வரிசை காலி. "அந்த அஞ்சு ரொவீனாகிட்ட. நேத்தே கோட்டுல சொருகிக்கிட்டா," என்றான்.

குண்டு கழற்ற ஒரு சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி, மரக்கட்டையில் நாலு அடி அடித்தால் குண்டும் மருந்தும் பிரிந்து உள்ளே விழும். பிறகு தட்டில் கொட்டிப் பார்க்கலாம். ரொவீனாவின் வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டோம்.

முதல் தோட்டா, குச்சி. இரண்டாவதும் குச்சி. பத்தாவதில் டெல்மர் சீட்டியடிக்க ஆரம்பித்தான். இருபதாவதில், "தபால்காரரே, முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்றான். முப்பதாவதில், இனி எதற்கு என்று சுத்தியலைக் கீழே போட்டான். நான் எடுத்து அவன் கையில் திணித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் நாக்கு நீண்டது, என் தலை குனிந்தது. நாற்பத்தைந்தும் குச்சி. ஒரு தவிடு கூட இல்லை.

எழுந்து என் தட்டுகளை அடுக்கி, மேலே பேனாவை வைத்து, வாசலைக் காட்டினான். "கிளம்புங்க மச்சான். வழியில உங்களுக்கு நீங்களே ஒரு பேர்ச் சீட்டு எழுதி ஒட்டிக்கங்க. சந்தேகப் பிராணின்னு."

"இன்னும் அஞ்சு இருக்கு. கடைசியாப் போட்ட வரிசை."

"நாப்பத்தஞ்சு சரி, அஞ்சு மட்டும் தப்பா? உனக்கு மூளை கழண்டு போச்சாய்யா?"

அப்போதுதான் ரொவீனா மளிகைப் பையோடு உள்ளே வந்தாள். உடம்பில் வேட்டைக் கோட்டு. தட்டில் குவிந்த மருந்தையும் எங்கள் மூஞ்சிகளையும் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். டெல்மர் குறுக்கே குறுக்கே பேசினான். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, கோட்டின் மார்பில் தோட்டா சொருகும் பட்டையிலிருந்து ஐந்து தோட்டாவையும் உருவினாள்.

"வேணாம் ரொவீனா. இதைப் பிரிச்சுட்டா சனிக்கிழமைக்கு ஒண்ணுகூட இருக்காது," என்றான் டெல்மர்.

"தள்ளு."

வேறு தட்டு எடுத்து வைத்து, அவளே அடித்தாள். ஐந்தாவது அடியில் குண்டு கழன்றது. தட்டில் கொட்டினாள். நாலைந்து குச்சி விழுந்தது. மீதி முழுக்கத் தவிடு.

இரண்டாவதிலும் தவிடு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் தவிடு.

முப்பது வருஷமாக நான் காத்திருந்த ஜெயம் அது. நானோ என் தங்கை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி, கண், மூக்கு எல்லாம் முழுசாக இருந்தன.

டெல்மர் ஸ்டூலைத் தேடிக் கையால் துழாவினான். உட்கார்ந்தான். "மாடு," என்றான். பிறகு, "எனக்கு ஞாபகம் இல்ல" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

ரொவீனா அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் இருந்த இரண்டு டப்பாவையும் மூடி, எதிர்ச்சுவர் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். குடுவையைக் கழற்றிக் கொட்டித் துடைத்தாள். பெரிய துப்பாக்கி மருந்தில் சீல் உடைக்காத புது டப்பா ஒன்றைத் தேடி எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அஞ்சு போதும். போட்டுக் குடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

"என்னால முடியாது ரொவீனா. நீ அண்ணன் துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போ."

"எனக்கு எங்கப்பா துப்பாக்கிதான் வேணும். நீ போட்ட தோட்டாதான் வேணும். ஆனா நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்." ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டெல்மர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். டப்பாவின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். முதல் கூட்டில் மருந்து விழுந்ததும் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து அவளிடம் நீட்டினான். அவள் உள்ளே பார்த்துத் தலையாட்டினாள். பிறகுதான் குண்டை வைத்து அழுத்தினான். இப்படியே இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவன் நேரம் எடுத்துக்கொண்டான், யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஐந்தாவதை நீட்டினான். ரொவீனா கூட்டைப் பார்க்கவில்லை. வியர்த்து வெளுத்திருந்த அவன் முகத்தைப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கும். போடு," என்றாள்.

"பாருடி!" என்று டெல்மர் கத்தினான். கூட்டை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தான். "உள்ள பாத்துட்டுச் சொல்லு ரொவீனா. நான் சொல்றேன்னு நம்பாதே."