சைகல் தூங்கவில்லை

அசில்கானுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். எங்கள் ஆக்-பெல் ஆம்புலன்ஸ் நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். நான் வண்டி ஓட்டுகிறவன். கத்துகிற ஆட்களிடம் எனக்குப் பயமில்லை, அவளிடம்தான் பயம்.

பனிக்காலத்தில் எங்களுக்குக் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். அப்படிப் போய் வந்த ஒரு காலையில், மலைமேல் ஆடு மேய்க்கிற ஒருவன், பிரசவ வலியில் துடித்த மனைவிக்காக எங்கள் ஆம்புலன்ஸ் எண் 103-ஐக் கூப்பிட்டிருக்கிறான். அவன் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் குதிரையில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. போன் எடுக்கிற சைகல் தூங்கிவிட்டாள் என்று நிலையத் தலைவர் தெமிர்பெக் விசாரிக்காமலே முடிவுகட்டி, அவளை வேலையிலிருந்து நீக்க, மாவட்ட அதிகாரியின் கையெழுத்துக்காக உத்தரவு தயார் செய்தார். ஊர் சும்மா இருக்குமா? கடையில் அவளுக்கு ரொட்டி கொடுக்கிறவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அசில்கான் காரணத்தை அன்றே கண்டுபிடித்துவிட்டாள். அழைப்பைச் சைகலின் மேசைக்கு அனுப்புகிற புரோகிராம், கரண்ட் வந்ததும் முதல் ஆளாக எழுந்து நெட்வொர்க்கைத் தேடுகிறது. நெட்வொர்க் கார்டை இயக்குகிற டிரைவர் அதற்குள் தயாராவதில்லை. அதற்கும் டிரைவர் என்றுதான் பெயராம், என்னைவிடச் சோம்பேறி. தேடியது கிடைக்கவில்லை என்றதும் புரோகிராம் சத்தமில்லாமல் படுத்துவிடுகிறது. திரையில் பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரிகிறது. எங்கள் வீடுகளில் பெரியவர் வந்து உட்காராமல் சின்னப் பிள்ளைகூட ரொட்டியைத் தொடாது. இந்தச் சனியனுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

நெட்வொர்க் வரும்வரை அதைக் காத்திருக்க வையுங்கள் என்று சிஸ்டம் விற்ற கம்பெனியிடம் அசில்கான் கேட்டாள். கம்பெனிக்காரன் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தபடியே, முப்பது நொடி காத்திருக்கும்படி மாற்றி வைத்தான். அவன் மேசையில் அது போதும், எங்கள் பழைய கார்டுக்குப் போதவில்லை. நானே மாற்றிவிடுகிறேன் என்று தெமிர்பெக்கிடம் போனாள். கம்பெனி சீல் வைத்த பெட்டியில் கை வைத்தால் உன்னையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். அந்தச் சிஸ்டத்தைத் தானே கொண்டுவந்ததாகத் தம்பட்டம் அடித்த மனுஷன், வேறென்ன சொல்வார்? அதன்பிறகு ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் அவளே ஓடிப்போய்ப் புரோகிராமைக் கையால் கிளப்பிவிட்டாள்.

மாவட்ட அதிகாரியான அக்கிம் பார்வையிட வந்த அன்று, அசில்கான் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "மெயினை இறக்கி ஏத்து" என்றாள். இறக்கி ஏற்றினேன். கம்ப்யூட்டர் எழுந்தது, பச்சை விளக்கும் வந்தது. பார்த்தீர்களா, கரண்ட் போனாலும் அசராது என்று தெமிர்பெக் பெருமை பேசினார். இந்த முறை அசில்கான் இடத்தைவிட்டு நகரவில்லை.

"உங்க போன்ல 103 அடிங்க, ஐயா," என்றாள் அக்கிமிடம்.

அடித்தார். அவர் காதில் மணி கேட்டது. சைகலின் மேசையில் ஒரு சத்தமும் இல்லை.

"சைகல் உங்க எதிர்லதான் உக்காந்திருக்கா. தூங்குறாளான்னு நீங்களே பாருங்க."

அக்கிம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சைகல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷனும் இப்படித்தான் கேட்டுக்கிட்டே நின்னிருப்பாரு," என்றாள் சைகல்.

அசில்கான் போய்ப் புரோகிராமைக் கிளப்பினாள். வேலைநீக்க உத்தரவை அங்கேயே கிழிக்கச் சொன்னார் அக்கிம். தெமிர்பெக் கிழித்தார். சைகலிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, பாவி.